தாத்தாவின் 1984 புல்லட், கையில் 45,000 ரூபாய்: எதை முதலில் செய்வது?

தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். தாத்தா வைத்திருந்த 1984 மாடல் புல்லட் 350, காஸ்ட் அயர்ன் இன்ஜின், பதினோரு வருடமாக மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. பக்கத்து ஊர் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இன்ஜின் ஃபுல் ஒர்க், 35,000 ஆகும்" என்று சொல்லியிருக்கிறார். உங்களுக்கோ பின்பக்கச் சேசிஸை வெட்டி, ஒற்றை சீட் போட்டு, பாபர் மாதிரி (பின்பக்கம் குறைத்த ஒற்றை சீட் பைக்) ஆக்க ஆசை. இரண்டும் இந்தப் பணத்துக்குள் ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்ததில், உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு என்று படுகிறது. இருக்கிற பணத்தை எதில் முதலில் போடுவது, எதில் கை வைக்காமல் விடுவது என்பதுதான் அது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்து, திண்டுக்கல் பக்கம் 26 வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். என்னிடம் வருவதில் பாதி பழைய புல்லட். அதை வைத்துச் சொல்கிறேன்: வண்டியை நம்பி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர 45,000 பெரும்பாலும் போதும். சேசிஸை வெட்டுவது, இரண்டு லட்சம் கையில் இருந்தாலும் வேண்டாம். இன்ஜினைப் பொறுத்தவரை, பிளக்கைக்கூடக் கழற்றாமல் யாரும் ஃபுல் ஒர்க் என்று சொல்ல முடியாது. அந்த மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை. நின்றுபோன வண்டி என்றாலே முழுசாகப் பிரிப்பதுதான் பாதுகாப்பு என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் பணம் அளவாக இருக்கும்போது, இன்ஜின் தேவை என்று காட்டினால்தான் திறக்க வேண்டும்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு முதலில் 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 1984 வண்டி என்றால் 1999, 2004, 2009, 2014 என்று வரும். நீங்கள் எழுதியபடி கடைசியாகப் புத்தகத்தில் இருப்பது 2014 வரைதான். அப்படியானால் பதிவு காலாவதியாகியிருக்கிறது, ஆனால் செத்துப்போகவில்லை. டெல்லியில் இருப்பதுபோல 15 வருடம் ஆன பெட்ரோல் வண்டி ஓடவே கூடாது என்ற தடை தமிழ்நாட்டில் கிடையாது. மூன்று எழுத்துப் பழைய நம்பர் வண்டிகளில் பல இன்னும் மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகன் இணையதளத்தில் ஏறியிருக்காது. உங்கள் நம்பர் அங்கே வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் புத்தகத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்ப் பழைய பதிவை ஏற்றச் சொல்ல வேண்டும். அது நடக்கும் என்று உறுதியான பிறகு வண்டியில் பணம் போடுங்கள்.

தாத்தா இறந்துவிட்டதால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவை தேவைப்படும். அத்தையோ சித்தப்பாவோ இருந்தால் இப்போதே பேசிவிடுங்கள், வண்டி பளபளப்பாக நிற்கும்போது பேசுவதைவிட இப்போது பேசுவது சுலபம். புதுப்பிக்கப் படிவம் 25. 20 வருடம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 2,000 ரூபாய். அதற்கு மேல் பசுமை வரியும், தாமதத்துக்கான கட்டணமும் உண்டு. எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், லைட், ஹாரன், பிரேக் எல்லாம் பார்ப்பார்கள். அதனால் துருவைச் சுரண்டும்போதும் பெயிண்ட் அடிக்கும்போதும் இரண்டு நம்பர் மேலும் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். கிரைண்டரை நம்பர் மேல் ஓட்டி, நல்ல வண்டியைச் சந்தேக வண்டியாக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். முதல் விதி, கிக்கரைத் தொடாதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து ஒரு சின்ன டம்ளர் அளவு ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நாலாவது கியரில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். பிஸ்டன் பிடித்திருந்தால் அசையாது, இன்னும் ஊற்றி இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். அசைந்துவிட்டாலும் உடனே மிதிக்கக் கூடாது. இன்ஜினின் வலது பக்கம், சிலிண்டருக்கு அடியில் டேப்பெட் மூடி இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் வால்வுகளைத் திறக்கும் கம்பிகளான இரண்டு புஷ்ராடும் மாறி மாறி ஏறி இறங்குவது தெரியும். ஒன்று ஏறியதும் இறங்காமல் தொளதொளவென்று நின்றால், அல்லது சக்கரம் ஓர் இடத்தில் மட்டும் முரண்டு பிடித்தால், வால்வு அதன் கைடில், அதாவது வால்வின் தண்டு ஓடும் குழாயில், துருப்பிடித்து இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வண்டியைக் கெடுத்துத்தான். தொழிலுக்கு வந்த புதிதில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் புல்லட், ஏழு வருடம் நின்றது, என்னிடம் வந்தது. பிஸ்டன் இளகிய சந்தோஷத்தில் முழு எடையையும் போட்டுக் கிக்கரை மிதித்தேன். எக்ஸாஸ்ட் வால்வு மூடிய நிலையில் இறுகியிருந்தது. கேம் தள்ளியது, வால்வு நகரவில்லை, நடுவில் இருந்த அலுமினிய புஷ்ராடு வில் மாதிரி வளைந்துவிட்டது. வாத்தியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான்தான் அன்று சாப்பிடவில்லை. அந்த ராடு இன்றைக்கும் என் டூல் போர்டில் தொங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுவேன்.

அடுத்தது ஆயில். புல்லட்டில் ஆயில் டேங்க் தனியாக இல்லை, இன்ஜின் கேசிங்கின் பின்பகுதியிலேயே இருக்கிறது. வண்டி நிற்க நிற்க அந்த ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்கு இறங்கிவிடும். பதினோரு வருடத்தில் நிச்சயம் இறங்கியிருக்கும். அடியில் இருக்கும் டிரெய்ன் போல்ட்டுகளைக் கழற்றி எல்லாவற்றையும் வடிய விடுங்கள். வடிந்ததை ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை, பால்கோவா நிறத்தில் கட்டியாக வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது பித்தளைப் பொடி மின்னினால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. ஃபெல்ட் ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுங்கள். கியர்பாக்ஸுக்கும் கிளட்ச் பக்கத்துக்கும் ஆயில் தனித்தனி, அதை மறந்துவிட வேண்டாம். பிறகு ஹெட்டுக்குப் போகும் மெல்லிய ஆயில் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பிளக் இல்லாமல் கையாலேயே கிக்கரை நிறையத் தடவை அழுத்துங்கள். அந்த இடத்தில் ஆயில் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. கசியும் வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

டேப்பெட் செட்டிங்கில் பலர் தப்பு செய்கிறார்கள். மற்ற வண்டிகள் மாதிரி இதற்கு ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி விடுவது கிடையாது. இன்ஜின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்க, புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்தால் தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். பிளக்கில் பொறி வரவைக்கும் ஸ்விட்சான பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பாயிண்ட் முகத்தை நகத்தால் தடவினால் ஒரு பக்கம் குழியும் ஒரு பக்கம் மேடுமாக இருக்கும், அப்படியிருந்தால் உரசிக்கொண்டிருக்காமல் பாயிண்டையும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். செலவு கம்மி, பாதி புல்லட்டுகள் மிதித்தால் ஸ்டார்ட் ஆகாததற்கு இந்த இரண்டுதான் காரணம்.

ஸ்டார்ட் ஆனதும் முதல் வேலை ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பது. ஆயில் திரும்பி விழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். முதல் சில நிமிடம் நீலப் புகை வந்தால் பயப்படாதீர்கள், உள்ளே ஊற்றியது எரிந்து தீர வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் நீலப் புகை நிற்கவில்லை என்றால் பிஸ்டன் ரிங், போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை), வால்வு கைடு ஆகியவற்றில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. எது என்று ஹெட்டைக் கழற்றினால்தான் தெரியும்.

இந்த இன்ஜினில் உண்மையிலேயே காசைத் தின்பது பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பேரிங். ஃபோட்டோ பார்த்தோ வீடியோ சத்தம் கேட்டோ அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிளக் துளை வழியாக ஒரு சுத்தமான ஸ்போக் கம்பியைப் பிஸ்டன் தலையில் படும்படி நிறுத்தி, பிஸ்டன் உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும்போது பின் சக்கரத்தை மிக மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். திசை மாற்றும்போது கம்பி ஒரு கணம் சும்மா நின்றுவிட்டு, பிறகு 'டக்' என்று நகர்ந்தால் பிக் எண்டில் ஆட்டம் இருக்க வாய்ப்புண்டு. வாய்ப்புதான், உறுதி இல்லை. செயின் தொய்வும் அப்படி ஏமாற்றும், அதனால் செயின் இறுக்கமாக இருக்கும்படி வைத்துப் பாருங்கள். உறுதி செய்யச் சிலிண்டர் பிளாக்கைத் தூக்கி, கனெக்டிங் ராடைக் கையால் பிடித்து மேலே கீழே இழுத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இயல்பு, மேலும் கீழும் ஆட்டம் இருக்கவே கூடாது. இருந்தால் கிராங்கைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அப்போது அந்த 35,000 நியாயமான தொகையாகக்கூட இருக்கலாம்.

போர் மட்டும் போயிருந்தால் அவ்வளவு செலவு இல்லை. ஸ்டாண்டர்ட் 70 மி.மீ. போர், அதற்கு மேல் இருபது தவ், நாற்பது தவ், அறுபது தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று ஓவர் சைஸ் பிஸ்டன் கிடைக்கும். இதில் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பிஸ்டனை வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டுபோய் லேத்காரரிடம் கொடுத்து, அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்ற கிளியரன்ஸ் விட்டுப் போர் போடச் சொல்லுங்கள். முதலில் போர் போட்டுவிட்டு அப்புறம் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை. ஒரே சைஸ் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி சில நூறில் ஒரு பங்கு மி.மீ. வித்தியாசம் வரும். பிஸ்டன் இறுகி வண்டி சீஸ் ஆக அது போதும்.

நான் கேட்டால் பணத்தை முதலில் போட வேண்டிய இடம் சக்கரமும் பிரேக்கும் என்பேன். டயரில் பட்டன் இன்னும் ஆழமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்ப வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், 1213 என்றால் 2013-ஆம் வருடம் பன்னிரண்டாவது வாரம் செய்தது. பக்கச் சுவரை விரலால் மடக்கினால் மயிரிழை வெடிப்புகள் வாயைத் திறக்கும். பதினோரு வருடம் ஒரே இடத்தில் எடை தாங்கி நின்ற ரப்பர், டியூப் உட்பட இரண்டையும் மாற்றுங்கள். ஸ்போக்குகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டினால் நல்லது 'டிங்' என்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகக் கேட்கும். பழைய புல்லட்டின் முன் டிரம் பிரேக் புதிதாக இருந்தபோதே சுமார்தான். இப்போது லைனர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகியிருக்கும். இரண்டு செட்டும் மாற்றுங்கள். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊத வேண்டாம், அந்தக் காலத்து லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்துத் துணியைத் தூக்கிப் போடுங்கள். இன்னொன்று, நீங்கள் இதுவரை ஓட்டியது இப்போதைய பைக்குகள் என்றால், இந்த வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வெற்று மைதானத்தில் ஒரு வாரம் பழகிய பிறகே ரோட்டுக்கு வாருங்கள். அவசரத்தில் பழைய பழக்கத்தில் வலது காலை மிதித்தால் வண்டி நிற்காது, கியர்தான் விழும்.

ஒயரிங்கை எலி விட்டுவைத்திருக்காது. ஒட்டுப்போடாமல் முழு ஒயரிங் செட் வாங்கி, ஃபியூஸோடு போடுங்கள். சிஸ்டம் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்துப் பேட்டரி, பல்ப் வாங்க வேண்டும். பெட்ரோல் டேங்கின் உள்ளே துரு இருந்தால் ஒரு கைப்பிடி அளவு சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, கடை வினிகர் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து, பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலந்து சுற்றிலும் பட விடுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால் வெல்டிங் கடைக்கு அப்படியே தூக்கிப் போகாதீர்கள். வருடக்கணக்கில் காலியாக இருந்த டேங்கிலும் பெட்ரோல் ஆவி தங்கும், வெடித்தால் உயிர் போகும். டேங்க் வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1984-இல் இந்த ரப்பர்களைச் செய்தபோது அது கணக்கில் இல்லை. பெட்ரோல் பைப், கார்புரேட்டர் ரப்பர்கள் எல்லாம் புதிதாகப் போடுங்கள், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

இப்போது உங்கள் ஆசைக்கு வருகிறேன். புல்லட் சேசிஸில் இன்ஜினே ஓர் எலும்பு. முன்பக்கக் குழாய் இன்ஜினுக்கு முன்னால் முடிந்துவிடும், அடிப்பக்கத்தை இணைப்பது இன்ஜினும் அதன் பிளேட்டுகளும்தான். பின்பக்க வளைவில்தான் ஷாக் அப்சார்பரின் மேல் முனை நிற்கிறது. அதை வெட்டி ஒட்டினால் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல நம் ஊர் வெல்டர் யாரும் இல்லை, நானும் சொல்ல மாட்டேன். சட்டமும் விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி வடிவமைப்பிலிருந்து அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. பெயர் மாற்றத்துக்கும் புதுப்பிப்புக்கும் ஆர்.டி.ஓ. முன் நிறுத்த வேண்டிய வண்டி இது. விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸும் இதையே பிடித்துக்கொள்ளும்.

ஆனால் அழகு செய்ய நிறைய இடம் இருக்கிறது. என் அளவுகோல் ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை ஒரு மதியத்தில் ஸ்பேனரால் பழையபடி மாற்ற முடிந்தால் செய்யலாம். ஒற்றை ஸ்பிரிங் சீட் புல்லட்டுக்குப் புதிதல்ல, பழைய ராணுவ வண்டிகளில் பார்த்திருப்பீர்கள், வண்டியில் இருக்கும் போல்ட் துளைகளிலேயே உட்காரும்படி வாங்குங்கள். ஹேண்டில்பாரைத் தாழ்வாக மாற்றலாம், கேபிள் நீளத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், முழுசாகத் திருப்பும்போது கேபிள் இழுபடக் கூடாது. பின்னால் ஆளை ஏற்றுவதாக இருந்தால் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும் சேலை கார்டும் சட்டப்படி வேண்டும். நிறம் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

பெயிண்டைப் பற்றி ஒரு வேண்டுகோள். நீங்கள் அனுப்பிய படத்தில் டேங்கின் இடது பக்கத்தில் அந்தத் தங்கக் கோடு இன்னும் தெரிகிறது. அது திருவொற்றியூர் ஃபேக்டரியில் ஒருவர் கையில் பிரஷ் பிடித்துப் போட்ட கோடு. பட்டி வைத்துப் புதுப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால், ஒரு மூலையில் மட்டும் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு மேலே எழும்பி வந்தால் மெழுகு போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். தாத்தாவின் முழங்கால் உரசிய இடம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

பணக் கணக்கு எங்கள் பக்க விலையில் தோராயமாகச் சொல்கிறேன், ஊருக்கு ஊர் மாறும். காகித வேலைக்கு எட்டாயிரம் ஒதுக்குங்கள். டயர், டியூப், பிரேக், சக்கரப் பேரிங் சேர்த்துப் பத்தாயிரம். ஒயரிங், பேட்டரிக்கு ஐந்து. கேபிள், ரப்பர், கார்புரேட்டர், ஆயில், பாயிண்ட் என்று சில்லறை வேலை ஐந்து. ஃபோர்க் சீல், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்), ஸ்விங் ஆர்ம் புஷ் நான்கு. மீதி பதின்மூன்றாயிரத்தை இன்ஜினுக்காகத் தொடாமல் வைத்திருங்கள். பிக் எண்ட் நன்றாக இருந்தால் ஹெட், போர் வேலைக்கு அது ஏறக்குறையப் போதும், இன்ஜின் எதுவும் கேட்காவிட்டால் சீட்டும் ஹேண்டில்பாரும் அந்தப் பணத்தில் வரும். பிக் எண்ட் போயிருந்தால் மட்டும் இந்த வருடம் முடியாது, இன்ஜினை இறக்கி எண்ணெய் தடவி வைத்துவிட்டுச் சக்கரம், ஒயரிங் வேலைகளை முடியுங்கள். காஸ்ட் அயர்ன் புல்லட் 1955 முதல் ஐம்பது வருடத்துக்கு மேல் பெரிய மாற்றம் இல்லாமல் வந்த வண்டி, பாகம் கிடைக்காமல் போய்விடும் என்று அவசரப்பட வேண்டியதில்லை. சென்னை போக முடிந்தால் பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை, புதிய பாகத்துக்கு ஜி.பி. ரோடு. புதுப்பேட்டையில் இன்ஜின் கேசிங் மட்டும் வாங்காதீர்கள், நம்பர் உங்கள் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாது.

இந்த வாரம் மூன்று வேலை செய்யுங்கள்: பரிவாகனில் நம்பரைத் தேடுங்கள், பிளக் துளையில் டீசலும் ஆயிலும் ஊற்றுங்கள், அடியில் வடிந்த ஆயிலை வெள்ளைத் துணியில் பிடித்துப் படம் எடுங்கள். என்ன வந்தது என்று எழுதினால் அடுத்து ஹெட்டைத் திறப்பதா வேண்டாமா என்று பேசலாம்.